விகதகுமாரனும் பி. கே. ரோசியும்: வேடம் யாருக்கு உரியது?

விகதகுமாரன், திருவிதாங்கூரில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம்; மலையாளத் திரைப்பட வரலாறு இதிலிருந்தே தொடங்குகிறது. இந்த ஊமைப்படத்தை எழுதி, இயக்கி, தயாரித்து, அதில் நடிக்கவும் செய்தவர் நாஞ்சில் நாட்டின் அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல். படத்தின் நாயகி பி. கே. ரோசி. புலையர் குலத்தில் பிறந்த ரோசி, படத்தில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தார். அதற்காகவே அவர் திரையிலிருந்தும் சொந்த ஊரிலிருந்தும் விரட்டப்பட்டார்.

ஒரு கதாபாத்திரத்தின் இனம், நிறம், சாதி ஆகியவற்றோடு நடிப்பவரின் பிறப்பு பொருந்த வேண்டுமா என்ற கேள்வி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. பழைய தேவதைக் கதைகள் புதிய படங்களாக எடுக்கப்படும்போது இந்த விவாதம் பெரிதாக எழுகிறது. இதே கேள்வி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே திருவனந்தபுரத்தில் ஒரு திரையரங்கில் எழுந்தது. அங்கே அதற்குக் கல்லால் பதில் சொன்னார்கள்.

அகஸ்தீசுவரத்திலிருந்து ஒரு இயக்குநர்

அகஸ்தீசுவரம், கன்னியாகுமரிக்கு அருகில் உள்ள ஊர். அஞ்சுகிராமம், சுசீந்திரம் முதலிய ஊர்கள் அடங்கிய வட்டத்துக்கும் இதே பெயர்தான். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உருவாகித் தமிழ்நாட்டுடன் சேரும்வரை இப்பகுதி திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. இங்கு வசதியான நாடார் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த டேனியல் திருவனந்தபுரத்தில் கல்வி கற்றார். களரி, சிலம்பம், வாள்வீச்சு ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டு வாள்வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். இக்கலைகளைப் பரப்ப உதவும் என்று எண்ணியே அவர் சினிமாவை நாடினார் என்பர்.

சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று படமெடுக்கும் முறைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட டேனியல், குடும்பச் சொத்தை விற்றுக் கருவிகள் வாங்கினார். திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அன்று இந்தியாவில் வெளிவந்த படங்களில் பல புராணக் கதைகள். டேனியல் தேர்ந்தெடுத்ததோ சமூகக் கதை. திருவிதாங்கூரில் செல்வந்தர் ஒருவரின் மகன் கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அவனுடைய தங்கைதான் சரோஜினி. அவளை விரும்பும் இளைஞனாக டேனியலே நடித்தார்.

நாயகியைத் தேடி

சரோஜினி வேடத்துக்கு நடிகை கிடைப்பது எளிதாக இல்லை. குடும்பப் பெண்கள் படத்தில் நடிப்பது இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைக்க எடுத்த முயற்சியும் கைகூடவில்லை. அந்த நிலையில்தான் ரோசி இவ்வேடத்துக்கு வந்தார்.

ரோசி திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவர், இயற்பெயர் ராஜம்மா. புல்லறுத்துப் பிழைக்கும் வறிய வாழ்க்கைக்கு நடுவே காக்காரிசி நாடகத்தில் தேர்ச்சி பெற்றார். தமிழும் மலையாளமும் கலந்த இந்த நாட்டுப்புறக் கூத்தில் சிவனும் பார்வதியும் நாடோடிக் குறவர்களாக வந்து உலகியலைப் பேசுவார்கள். எனவே ரோசி நடிப்புக்குப் புதியவர் அல்லர். தெய்வத்தின் வேடம் புனைந்த கலைஞர்களின் மரபில் வந்தவர். காக்காரிசியில் பார்வதியை ஒடுக்கப்பட்டவர்கள் நடித்தபோது எவரும் கல்லெறியவில்லை. அங்கே தெய்வமே ஒடுக்கப்பட்டவராக இறங்கி வந்ததால் யாருடைய தகுதிக்கும் பழுது நேரவில்லை.

கேபிடல் அரங்கில் நடந்தது

படம் திருவனந்தபுரம் கேபிடல் திரையரங்கில் திரையிடப்பட்டது. வெளியான நாள் 1928 நவம்பர் 7 என்று நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்தது. 1930 அக்டோபர் 23 என்று கூறும் ஆய்வாளர்களும் உள்ளனர். திறப்பு நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்த பிள்ளை. ரோசி அரங்கில் இருந்தால் மேல்சாதிப் பெருமக்கள் வரமாட்டார்கள் என்பதால் அவர் விலக்கி வைக்கப்பட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தான் நாயகியாக நடித்த படத்தின் முதல் காட்சியை மற்றவர்களோடு உட்கார்ந்து பார்க்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போயிற்று.

படம் ஓடத் தொடங்கியதும் கூச்சல் எழுந்தது. புலையர் பெண் நாயர் பெண்ணாக வருவதைப் பொறுக்காதவர்கள் திரையில் கல்லெறிந்தார்கள். நாயகியின் கூந்தலில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்தபோது கலவரம் மூண்டது என்றும் கூறப்படுகிறது. ரோசியைத் தேடிச் சென்ற கும்பல் அவருடைய குடிசைக்குத் தீ வைத்தது. உயிருக்கு அஞ்சி ஓடிய அவர், நாகர்கோவில் நோக்கிச் சென்ற ஒரு லாரியில் ஏறித் தப்பினார். லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார். அதன் பிறகு அவர் நடிக்கவில்லை.

கேசவ பிள்ளை நாயர் குலத்தவர். திரையில் சிறிது நேரம் நாயர் பெண்ணாகத் தோன்றியதற்காகத் துரத்தப்பட்டவர், எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் ஒரு நாயரின் மனைவியாகக் கழித்தார். தம் பழைய வாழ்வைப் பற்றி அவர் வெளியே பேசவில்லை.

உடையும் சாதியும்

இந்தக் கோபத்தின் வேரை அறிய அன்றைய திருவிதாங்கூரில் உடைக்கு இருந்த இடத்தை அறிய வேண்டும். ஒருவர் என்ன உடுத்துகிறார், எந்த அணிகலன் அணிகிறார் என்பது அவரவர் விருப்பம் அல்ல. சாதியின் வெளி அடையாளம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. 1859இல் வெளியான அரச அறிவிப்பு மேலாடைக்கு அனுமதி தந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. மறைக்கலாம், ஆனால் ஒத்திருக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

புலையர் பெண்கள் கல்மாலை மட்டுமே அணிய வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அவர்கள் அந்த மாலைகளை அறுத்தெறிந்தனர். 1924-25இல் வைக்கத்திலும், 1926இல் சுசீந்திரத்திலும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியானது 1936 நவம்பர் 12 அன்றுதான். விகதகுமாரன் திரையிடப்பட்டது இந்தப் போராட்டங்களுக்கும் அந்தப் பிரகடனத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்.

ஆகவே ரோசி முண்டும் நேரியதும் உடுத்து நாயர் தறவாட்டுப் பெண்ணாகத் தோன்றியதை அன்றைய பார்வையாளர் பலர் வெறும் வேடமாகக் காணவில்லை; விதிமீறலாகக் கண்டனர். புலையர் பெண்ணால் நாயர் பெண்ணை ஒத்திருக்க முடியும் என்று திரை காட்டிவிட்டது. சாதி பிறப்பிலேயே உடலில் பதிந்திருப்பது என்றால் இந்த ஒப்புமை சாத்தியமாகக் கூடாது. தோள்சீலைக்காகப் போராடிய சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் இப்படத்தை எடுத்ததும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் பொருளற்றது அல்ல.

ஏற்கப்பட்ட மாற்று வேடங்கள்

பாத்திரமும் நடிப்பவரும் பொருந்த வேண்டும் என்பதே எதிர்ப்பின் காரணம் என்றால், அக்காலத்து மேடையும் திரையும் முழுவதுமே எதிர்க்கப்பட்டிருக்க வேண்டும். நடந்தது அப்படி அல்ல.

தாதாசாகேப் பால்கே 1913இல் எடுத்த ராஜா ஹரிச்சந்திராவில் அரசி தாராமதியாக நடித்தவர் அண்ணா சாளுங்கே என்ற ஆண். உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்தவர் அவர். 1917இல் வெளியான லங்கா தகன் படத்தில் அவரே இராமனாகவும் சீதையாகவும் இரு வேடங்களில் நடித்தார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

தமிழ் நாடக மேடையில் ஆண்கள் 'ஸ்திரீ பார்ட்' போடுவது இயல்பான வழக்கம். பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே வள்ளியாகவும் சந்திரமதியாகவும் வந்தார்கள். டி. கே. சண்முகம் 1940களில் அவ்வையாராக நடித்து, அந்தப் பாத்திரத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் பட்டமாகப் பெற்றார். நாகர்கோவிலில் அவர் பெயரில் சாலையே உண்டு.

இனம் மாறிய வேடங்களும் ஏற்கப்பட்டன. கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்திய நடிகை பேஷன்ஸ் கூப்பர் 1920இல் தமயந்தியாக நடித்தார். ரெனீ ஸ்மித் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண் சீதா தேவி என்ற பெயரில் 1925இன் பிரேம் சன்யாஸ் படத்தில் புத்தரின் மனைவியாக வந்தார். சுலோச்சனா என்ற பெயரில் ஊமைப்பட உலகின் பெரும் நட்சத்திரமாக விளங்கிய ரூபி மையர்ஸ் யூதப் பெண்.

ஆண் அரசியாகலாம். ஆங்கிலோ-இந்தியப் பெண் தமயந்தியாகலாம். யூதப் பெண் இந்து நாயகியாகலாம். அதே ஊரில் பிறந்து, அதே மொழி பேசி, அதே வயலில் வேலை செய்த புலையர் பெண் மட்டும் நாயர் பெண்ணாகக் கூடாது. வேடம் எவ்வளவு தொலைவு மாறுகிறது என்பது எதிர்ப்பைத் தீர்மானிக்கவில்லை. படிநிலையில் கீழே வைக்கப்பட்டவர் மேலே ஏறுகிறாரா என்பதே தீர்மானித்தது.

பிற நாடுகளின் மேடையும் திரையும்

இதே முறைகேட்டைப் பிற நாடுகளிலும் காணலாம். சேக்சுபியரின் ஒத்தெல்லோ கறுப்பு நிறத்தவன். ஆனாலும் முகத்தில் கருமை பூசிய வெள்ளை நடிகர்களே நெடுங்காலம் அவ்வேடத்தை ஏற்று வந்தனர். கறுப்பினக் கலைஞர் பால் ராப்சன் 1930இல் லண்டனில் ஒத்தெல்லோவாக நடித்தார். அமெரிக்காவின் பிராட்வே மேடையில் அதே வேடத்தில் தோன்ற அவர் 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சீன உழவர்களின் வாழ்வைச் சொல்லும் 'தி குட் எர்த்' நாவல் 1937இல் ஹாலிவுட்டில் படமாயிற்று. அப்போது அமெரிக்காவில் புகழ்பெற்ற சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங் இருந்தார். இருந்தும் நாயகி வேடம் ஐரோப்பிய நடிகை லூயிஸ் ரெய்னருக்குத் தரப்பட்டது. ரெய்னர் அதற்காக ஆஸ்கார் விருதும் பெற்றார். பாத்திரத்துக்குப் பொருத்தமானவர் இருந்தும் ஒதுக்கப்பட்டார், பொருந்தாதவர் பாராட்டப்பட்டார். 'மூலத்துக்கு உண்மையாக இருத்தல்' என்ற கொள்கை அன்று எவருக்கும் நினைவு வரவில்லை.

தேவதைக் கதைப் படங்களும் இன்றைய விவாதமும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997இல் ஒளிபரப்பான சிண்ட்ரெல்லாவில் கறுப்பினப் பாடகி பிராண்டி நாயகியாக நடித்தார். அரசி கறுப்பினத்தவர், அரசர் வெள்ளையர், அவர்களுடைய மகனாகிய இளவரசர் பிலிப்பைன்சைப் பூர்வீகமாகக் கொண்ட நடிகர். குடும்பத்தில் இது எப்படிப் பொருந்தும் என்று படம் விளக்கவே முயலவில்லை. இவ்வாறு பிறப்பைக் கணக்கில் கொள்ளாமல் வேடம் தருவதை 'நிறம் பாராத நடிகர் தேர்வு' என்பர்.

சமூக ஊடகங்களின் காலத்தில் இவ்விவாதம் கடுமையாயிற்று. டிஸ்னி நிறுவனம் தன் 1989ஆம் ஆண்டுச் சித்திரப்படமான 'தி லிட்டில் மெர்மெய்ட்' கதையை நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுக்கத் திட்டமிட்டது. கடற்கன்னி ஏரியல் வேடத்துக்குக் கறுப்பினப் பாடகி ஹாலி பெய்லி 2019இல் தேர்வானார். உடனே எதிர்ப்புப் பதிவுகள் குவிந்தன. முன்னோட்டம் வந்தபோது வேறு வகைக் காணொளிகளும் பரவின. தங்களைப் போன்ற நிறமுள்ள ஏரியலைக் கண்டு கறுப்பினச் சிறுமிகள் வியந்து மகிழும் காட்சிகள் அவை. படம் 2023 மே மாதம் வெளியானது. 2025இல் வெளியான 'ஸ்நோ ஒயிட்' படத்தில், தாய்வழியில் கொலம்பியப் பூர்வீகம் கொண்ட ரேச்சல் செக்லர் நடித்தபோதும் இதே சர்ச்சை எழுந்தது. பனி போன்ற வெண்மையால் அமைந்த பெயருக்கு, பனிப்புயலின்போது பிறந்தவள் என்று அப்படம் புது விளக்கம் தந்தது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் நிறவெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது முறையாகாது. அவர்களுடைய வாதங்களில் மூன்று கவனத்துக்கு உரியவை. முதலாவது, டேனிய எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையில் கடற்கன்னியின் தோற்றம் ஐரோப்பியச் சாயலில் விவரிக்கப்படுகிறது. ஸ்நோ ஒயிட்டுக்கோ நிறமே பெயர். இரண்டாவது, பிற மக்களுக்கென்று தனிக் கதைகள் இருக்க, அவற்றைப் படமாக்காமல் ஐரோப்பியக் கதையில் நிறத்தை மட்டும் மாற்றுவது எளிய வழி. மூன்றாவது, பெரிய நிறுவனங்கள் இதனை விளம்பர உத்தியாகவும் பயன்படுத்துகின்றன.

இரண்டாம், மூன்றாம் வாதங்களில் உண்மை உண்டு. ஆப்பிரிக்க, ஆசியக் கதைகள் அவற்றுக்குரிய செலவோடும் அக்கறையோடும் படமாக்கப்பட வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. முதல் வாதம்தான் உரசிப் பார்க்க வேண்டியது. ஆண்டர்சனின் கதையில் கடற்கன்னி இளவரசனை மணப்பதில்லை. அவன் வேறொருத்தியை மணக்க, அவள் துயரத்தோடு உடல் கரைந்து போகிறாள். 1989இன் சித்திரப்படம் அதனைத் திருமணத்தில் முடியும் இன்பக் கதையாக மாற்றியது. கதையின் உயிரையே மாற்றியதைப் பொறுத்துக்கொண்டவர்கள், நாயகியின் நிறம் மாறியதும் மூலத்தைத் தேடினால் அந்தத் தேடலை ஐயுறவே வேண்டியிருக்கிறது. கடற்கன்னி கற்பனை உயிர் என்பது வேறு.

மகாபாரதமும் இந்தச் சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. பீட்டர் புரூக் 1985இல் மேடையேற்றிய மகாபாரதத்தில் பல நாட்டுக் கலைஞர்கள் நடித்தனர். செனகல் நாட்டவர் பீமனாகவும், இந்தியாவின் மல்லிகா சாராபாய் திரௌபதியாகவும் வந்தனர். இந்தியத் திறனாய்வாளர் ருஸ்தம் பரூச்சா இந்நாடகத்தைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் அவர் கேட்டது பீமனின் நிறத்தைப் பற்றி அல்ல. இதிகாசத்தை அது பிறந்த சமயப் பண்பாட்டுச் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்ததைப் பற்றி. பிறப்பைக் குறிவைக்காமலே ஒரு படைப்பைக் கடுமையாக எதிர்க்க முடியும் என்பதற்கு அவர் விமர்சனம் சான்று.

மறுபுறம்: கருமை பூசும் வழக்கம்

வேடம் எல்லோருக்கும் பொது என்றால், வெளுத்த நடிகர் கருமை பூசி ஒடுக்கப்பட்டவராக நடிப்பதை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019இல் வெளியான 'பாலா' என்ற இந்திப் படத்தில் கறுத்த நிறத்துப் பெண் படும் அவமானம் பேசப்படுகிறது. அந்த வேடத்தில் பூமி பெட்னேகர் ஒப்பனையால் நிறத்தைக் கூட்டிக்கொண்டு நடித்தார். இயல்பிலேயே அந்நிறமுள்ள நடிகைகள் இல்லையா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளைவால் வேறுபடுகின்றன. வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கு ஒரு வேடம் கிடைக்கும்போது கதவு திறக்கிறது. அவரைப் பற்றிய கதையிலேயே அவருக்கு இடமில்லாதபோது இருந்த ஒரு கதவும் அடைபடுகிறது. எல்லோருக்கும் எல்லா வேடமும் உண்மையிலேயே கிடைக்கும் நாளில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அந்த நாள் இன்னும் வரவில்லை.

மறதியும் மீட்பும்

விகதகுமாரன் டேனியலைக் கடனாளியாக்கியது. கருவிகளை விற்றார், நிறுவனம் மூடப்பட்டது. பின்னர் பல் மருத்துவராகப் பணிபுரிந்த அவர் 1975 ஏப்ரல் 27 அன்று அகஸ்தீசுவரத்தில் காலமானார். கேரள அரசின் உதவியை நாடியபோது, அவர் தமிழ்நாட்டில் பிறந்து வாழ்பவர் என்று காரணம் காட்டப்பட்டது. மலையாள சினிமாவைத் தொடங்கி வைத்தவர் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் இருந்ததால் இருதரப்புக்கும் அந்நியரானார்.

திரைப்பட வரலாற்றாசிரியர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் விடாமுயற்சியால் டேனியலின் பங்கு வெளிச்சத்துக்கு வந்தது. 1992இல் கேரள அரசு அவர் பெயரில் ஜே. சி. டேனியல் விருதை நிறுவியது. மலையாளத் திரையுலகின் வாழ்நாள் சாதனைக்கான உயரிய விருது அது. ரோசியின் வரலாற்றைத் தேடித் தொகுத்தவர்களில் பத்திரிகையாளர் குன்னுகுழி எஸ். மணி முக்கியமானவர். வினு ஆபிரகாம் ரோசியின் வாழ்வை 'நஷ்டநாயிகா' என்ற நாவலாக எழுதினார். இவற்றின் தொடர்ச்சியாகக் கமல் இயக்கிய 'செல்லுலாயிட்' 2013இல் வெளிவந்தது.

அப்படமும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. ரோசியை அஞ்சி ஒடுங்கும் அப்பாவியாகவே அது காட்டுகிறது என்றும், அவருடைய கலைத்திறனும் துணிவும் மறைந்துவிட்டன என்றும் தலித் சிந்தனையாளர்கள் கூறினர். ஒரு தலித் பெண் இன்றைய மலையாள சினிமாவில் நாயர் பெண்ணாக நடிக்க முடியுமா என்று ஜென்னி ரொவீனா தம் கட்டுரையில் கேட்டார். கல்லெறிவது நின்றுவிட்டது, வாய்ப்பு தராமல் இருப்பது நிற்கவில்லை என்பதையே அக்கேள்வி சுட்டியது.

மலையாளத் திரையுலகப் பெண்களின் கூட்டமைப்பு 2019இல் தொடங்கிய திரைப்படக் கழகத்துக்கு ரோசியின் பெயர் சூட்டப்பட்டது. சென்னையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் பி. கே. ரோசி திரைப்பட விழாவை நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவருடைய ஓவியத்தை வெளியிட்டுச் சிறப்பித்தது.

வரலாற்றில் ரோசியின் இடம்

நடிகர் தேர்வு பற்றிய இன்றைய சர்ச்சைகளில் பெரும்பாலும் இழப்பது ஒரு நிறுவனத்தின் வசூல், அல்லது ஒரு ரசிகரின் மனநிறைவு. ரோசி இழந்தது வீடு, தொழில், பெயர் ஆகிய மூன்றையும். ஆனாலும் இரண்டையும் ஒரே அளவுகோலால் சோதிக்கலாம். ஒரு வேடம் பொருந்தவில்லை என்று தோன்றும்போது, இதைவிடப் பொருந்தாத எத்தனை வேடங்கள் உறுத்தலின்றி ஏற்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் நீளமானால், உறுத்துவது வேடம் அல்ல என்று தெரிந்துவிடும்.

விகதகுமாரன் படச்சுருள் இன்று இல்லை. டேனியலின் வீட்டில் எஞ்சியிருந்த சுருளும் அவருடைய மகன் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக எரிந்துபோனது. சில நிழற்படங்கள் மட்டுமே மிஞ்சியுள்ளன. ரோசியுடையது என்று வழங்கும் படம் அவருடையதுதானா என்பதிலும் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. கேபிடல் அரங்கில் கூடியவர்கள் அவருடைய பிறப்பைப் பற்றி ஆயிரம் கேட்டார்கள். அவர் சரோஜினியாக நன்றாக நடித்தாரா என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஒரு நடிகையிடம் கேட்க வேண்டிய அந்த ஒரே கேள்விக்கு இனி எவராலும் விடை சொல்ல முடியாது.